இரண்டாம் தட்டுக்குத் திறக்கும் கதவு

மதாம் ஒலிந்தா அந்த உறையைத் தன் கையாலேயே என்னிடம் கொடுத்தார். உள்ளே இருந்தது அவருடைய இறப்புப் பதிவின் நகல்.

அக்டோபர் மாதத்தின் நடுப்பகுதி. பிற்பகல்தான். ஆனாலும் பாரிசின் லா ஷப்பெல் பகுதியில் எங்கள் கட்டடத்தின் நுழைவழியில் விளக்குப் போடாமல் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. பொத்தானை அழுத்தினால் சற்று நேரம் எரிந்துவிட்டுத் தானே அணைந்துபோகும் விளக்கு அது. தரையைக் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, தபால் கட்டிலிருந்து பழுப்பு உறை ஒன்றை உருவினார். வாசலறையில் குடியிருந்து கட்டடத்தைப் பார்த்துக்கொள்வதும், வரும் தபால்களைப் பிரித்து வீடுவீடாகக் கதவடியில் தள்ளுவதும் அவர் வேலை.

"நகராட்சியிலேருந்து வந்திருக்கு, மொசியே. என் அப்பா ஊரா?"

"இருக்கலாம் மதாம். பார்த்துச் சொல்றேன்."

"இங்கேயே பிரிங்களேன்."

"கண்ணாடி மாடியில இருக்கு."

கண்ணாடி என் சட்டைப்பையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் அதைப் பார்ப்பதை நான் பார்த்தேன். அந்த நேரம் விளக்கு அணைந்தது.

இருட்டில் வெளுப்புத் தண்ணீரின் வாசனையும், மேம்பாலத்தில் போகும் மெத்ரோவின் அதிர்வும் மட்டும் இருந்தன. உறையின் ஒரு முனை என் கையில். மறுமுனையை அவர் இன்னும் விடவில்லை.

ஆண்டு சொல்லாத அத்தியாயம்

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் தேதிப் பைத்தியம் தெரியும். இன்ன நாள், இன்ன கிழமை, அன்று மழை பெய்ததா என்பது வரை எழுதுகிறேன் என்று ஒரு வாசகர் செல்லமாகத் திட்டியும் இருக்கிறார். இந்த அத்தியாயத்தில் மட்டும் ஆண்டுகளைச் சொல்லப் போவதில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி, அவ்வளவுதான். சரியான ஆண்டைச் சொன்னால் ஒரு பெண்ணின் வயதைச் சொன்னதாகிவிடும். அவருடைய வயதுதான் இங்கே விவகாரமே.

பதிவேடுகளின் மேல் எனக்கு இருந்த ஆசை புதுச்சேரியில் பிறந்தது. எங்கள் குடும்பத்தைப் பிரெஞ்சுக் குடும்பமாக்கியது ஒரு முப்பாட்டனார் போட்ட ஒரு கையெழுத்து. பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கிறேன் என்று எழுதிக்கொடுத்து, அன்றுவரை இல்லாத ஒரு குடும்பப் பெயரை எழுத்தர் ஒருவர் முன்னால் நின்று அவர் எடுத்துக்கொண்டார். அந்தத் தாள் இல்லையென்றால் நான் பாரிசில் தபால் பிரிக்கும் கூடத்தில் வேலை பார்த்திருக்க மாட்டேன். எங்கள் ஊரில் பலர் வீட்டில் நகை இருக்கும் பெட்டியிலேயே பிறப்புச் சான்றிதழும் இருக்கும்.

ஆகவே ஓய்வு நாட்களில் மற்றவர்கள் சீட்டாடப் போனார்கள், நான் ஆவணக் கூடத்துக்குப் போனேன். பழைய எழுத்தர்களின் சாய்வெழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பக்கத்துக் கட்டடங்களில் குடியேறிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் விண்ணப்பம் நிரப்ப என்னிடம் வருவார்கள். அந்தப் பேச்சு வாசலறைக்கும் போயிருக்க வேண்டும்.

சாமந்தி

மதாம் ஒலிந்தாவோடு எனக்கு முதலில் ஏற்பட்ட பழக்கமே ஒரு அசட்டுத்தனத்தால் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் கடைசியில் ஒரு நாள், அன்று அவருக்குப் பிறந்தநாள் என்று யாரோ படிக்கட்டில் சொன்னார்கள். முந்தின வாரம்தான் அவர் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உடைந்தபோது ஓடிவந்து உதவியிருந்தார். வெறுங்கையோடு வாழ்த்துவானேன் என்று பூக்கடைக்குப் போனேன். கடை வாசல் முழுக்க சாமந்தி. மஞ்சளும் வெள்ளையும் குப்பென்று பூத்த தொட்டிகள். கல்யாணத்துக்கும் கோவிலுக்கும் வாங்கிப் பழகிய கண்ணுக்கு வேறு பூவே தெரியவில்லை. பெரிய தொட்டியாகப் பார்த்து வாங்கி வந்தேன்.

வாசலறைக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். உடனே திறந்தார். பூவைப் பார்த்ததும் அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிவிட்டது.

"யார் செத்தது?" என்றார்.

பிரான்சில் சாமந்தி கல்லறைக்கு மட்டுமே போகும் பூ என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இறந்தவர்களை நினைக்கும் சகல ஆத்துமாக்கள் திருநாளுக்காக அத்தனை தொட்டிகள் கடைக்கு வந்திருந்தன. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிக்க முயன்றார்.

"பிறந்தநாளுக்குச் சாவுப்பூ கொண்டுவந்த முதல் ஆள் நீங்கதான்."

ஆனால் தூக்கி எறியவில்லை. உள்முற்றத்து ஜன்னல் திண்டில் வைத்தார். குளிர்காலத்தில் அது கருகிக் குச்சியாய் நின்றது. அடுத்த இலையுதிர் காலத்தில், யாரும் தண்ணீர் ஊற்றியதாகத் தெரியாமலே, மீண்டும் மொட்டு விட்டது. சாமந்தி பல்லாண்டுச் செடி, அதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் அந்த ஜன்னலைக் கடக்கும்போது நான் சற்று வேகமாக நடந்தேன்.

அவர் கேட்டது

அடுத்த கோடையில் ஒரு மாலை அவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் பேசியது பிரெஞ்சுதான். என் நினைவில் ஏனோ எல்லாம் தமிழாகவே நிற்கிறது.

"அடுத்த வருஷம் எனக்கு அறுபது, மொசியே. வாசலறையை விட்டுட்டுப் போகணும்."

"எங்க?"

"அப்பா ஊருக்கு. அது எங்கேன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும்."

அவர் பாரிசில் பிறந்தவர். பெற்றோர் போர்ச்சுகலிலிருந்து முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வந்தவர்கள். தகப்பன் ரயில் பாதையில் மண் வெட்டினார். ஒலிந்தா சிறுமியாக இருந்தபோதே ஒரு விபத்தில் இறந்தார். தாயும் சில ஆண்டுகளில் போய்விட, அவரைக் கன்னியர் மடத்தில் வளர்த்தார்கள். பிறகு ஒரு ரயில்வே தொழிலாளியோடு கல்யாணம். அவரும் இறந்து பல ஆண்டுகள். பிள்ளைகள் இல்லை.

அவரிடம் இருந்த ஒரே தாள் அவருடைய பிறப்புப் பதிவின் நகல். தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் 'போர்ச்சுகலில் பிறந்தவர்' என்று மட்டும் இருந்தது. எழுதியவர் அதற்கு மேல் கேட்கவில்லை போலும்.

"அந்த ஊர்ல அப்பாவுக்கு அண்ணன் தம்பி இருந்திருப்பாங்க. அவங்க பிள்ளைங்க இருப்பாங்க. யாராவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, இந்தத் தாளைக் காட்டி, நான் அவர் மகள்னு சொல்லணும். அவ்வளவுதான்." தாளை விரலால் தடவினார். "இவ்வளவு வருஷமா ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் கதவு திறந்துவிட்டாச்சு. எனக்கு ஒருத்தர் திறக்கட்டுமே."

அம்மாவைப் பற்றி ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். சிறு குறிப்புகூடத் தேடலுக்கு உதவும்.

அவர் தாளை மடித்து வைத்தார்.

"அம்மா என்னை எப்பவும் ரெண்டு தடவை கூப்பிடுவா. முதல் தடவைக்கு நான் பதில் சொல்லக் கூடாது. சொல்லிட்டா கோபம் வரும். விரலை உதட்டுல வச்சுக்கிட்டு, எதையோ கேட்கிற மாதிரி அப்படியே நிப்பா. அப்புறம் ரெண்டாவது தடவை கூப்பிடுவா. அதுக்குத்தான் நான் 'இருக்கேன்'னு சொல்லணும்."

"விளையாட்டா?"

"அப்படித்தான் நினைச்சேன். இன்னும் பழக்கம் போகல. யார் கதவைத் தட்டினாலும் முதல் தட்டுக்கு எழுந்திருக்க முடியல."

கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. நாலாம் மாடி அருள், 'மதாமுக்கு முதல் தட்டு கேளாது, ரெண்டாம் தட்டுக்குத்தான் காது' என்று சொல்லிச் சிரிப்பார்.

பத்தாண்டுப் பட்டியல்

நூறாண்டு கடக்காத பிறப்புப் பதிவேடுகளைப் பிரான்சில் வெளியாள் புரட்டிப் பார்க்க முடியாது. ஆனால் இறப்புப் பதிவின் நகலை, நாளும் இடமும் தெரிந்தால், யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். நாளைக் கண்டுபிடிக்கப் பத்தாண்டுக்கு ஒரு முறை அகர வரிசையில் தொகுத்த பெயர்ப் பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றில் பெயரும் நாளும் தவிர வேறொன்றும் இருக்காது.

தகப்பனின் இறப்புப் பதிவில் அவர் பிறந்த ஊர் இருக்கும் என்பது என் கணக்கு. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை ஆவணக் கூடத்தில் அந்தத் தடித்த தொகுதியை வரவழைத்தேன். கூடத்தில் மூக்கை உறிஞ்சும் ஒரு கிழவர் தவிர யாரும் இல்லை. மதாமுடைய தகப்பனின் குடும்பப் பெயர் வரும் பக்கத்தைத் திறந்து விரலை மேலிருந்து கீழே ஓட்டினேன்.

தகப்பன் இருந்தார்.

அவருக்குக் கீழே, இரண்டு வரி தள்ளி, ஒலிந்தா இருந்தாள்.

அதே குடும்பப் பெயர். அதே முதற்பெயர். பிப்ரவரி மாதத்து நாள் ஒன்று. அத்தை பெயராக இருக்கும், சித்தப்பா மகளாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போர்ச்சுகீசியக் குடும்பங்களில் ஒரே பெயர் சுற்றிச் சுற்றி வரும். ஆனால் விரல் அந்த வரியை விட்டு நகரவில்லை. பக்கத்தில் இருந்த கிழவர் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தியிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். அவர் எப்போதோ எழுந்து போயிருந்தார்.

இரண்டு பெயருக்குமே நகல் கேட்டு எழுதினேன். ஒரே உறையில் இரண்டும் வந்தன. அந்த உறையைத்தான் மதாம் ஒலிந்தா அந்தப் பிற்பகலில் எனக்குக் கொடுத்தார்.

உறைக்குள்

மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். மனைவி வேலையிலிருந்து வந்திருக்கவில்லை.

முதல் தாளில் தகப்பன். பிறந்த ஊர் தெளிவாக இருந்தது. வடக்குப் போர்ச்சுகலில், மலைச் சரிவில் ஒரு சிற்றூர். வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், இருந்தது.

இரண்டாம் தாளில் ஒலிந்தா. வயது இரண்டு. இன்னாரின் மகள், இன்னாளின் மகள். பிறந்த நாள், அக்டோபர் கடைசி. வீட்டு முகவரி வாசலறைப் பெண்மணியின் பிறப்புப் பதிவில் இருந்த அதே முகவரி. இறப்பை அறிவித்தவர், தகப்பன். கையெழுத்துப் போடத் தெரியாது என்று எழுத்தர் குறித்திருந்தார்.

அத்தையும் இல்லை, சித்தப்பா மகளும் இல்லை. மதாம் ஒலிந்தா பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பிறப்புத் தாளுக்கு உரிய குழந்தை, இரண்டு வயதில் இறந்துவிட்டது.

கீழே வாளி நகரும் சத்தம் கேட்டது. ஈரத் துடைப்பான் கல்லில் இழுபடும் சத்தம். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். அந்தச் சத்தம் படிக்கட்டில் ஒரு படி ஏறி நின்றது. இன்னொரு படி. என் கதவு வரை வருமா என்று காத்திருந்தேன். இரண்டாம் மாடியிலேயே நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அவர் இரண்டாம் மாடி வரைதான் கழுவுவார் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

பதிவு முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்று பிரான்சில் ஒருவர் இறந்தால் அவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்திலும் அதைக் குறிப்பார்கள். இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன் அந்த வழக்கம் இல்லை. பிறப்பு ஒரு புத்தகம், இறப்பு வேறு புத்தகம். ஒன்றுக்கு இன்னொன்றைத் தெரியாது. பழைய பிறப்புப் புத்தகத்தைப் பொறுத்தவரை உலகத்தில் யாரும் செத்ததே இல்லை. நகல் கேட்டால் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கோவில் புத்தகம்

அப்படியானால் கீழே தரை கழுவுகிறவர் யார்?

அந்தப் பழைய முகவரியும் எங்கள் பங்குக் கோவிலுக்கு உட்பட்டதுதான். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் பங்குக் குருவானவரைக் கேட்டுப் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்த்தேன். பூசைச் சாமான்கள் வைக்கும் சக்ரீஸ்து அறையில் மெழுகு வாசனை. சாமியார் பக்கத்தில் நின்று குடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒலிந்தா, இன்னாருக்கும் இன்னாளுக்கும் மகள். மூன்று ஆண்டுகளுக்கான பக்கங்களைத் தள்ளினேன். ஒலிந்தா, இன்னாருக்கும் இன்னாளுக்கும் மகள். டிசம்பரில் பிறந்தவள்.

அரசாங்கத்துக்குத் தெரிந்து ஒருத்தி. கோவிலுக்குத் தெரிந்து இருவர்.

என்ன நடந்தது என்று ஊகிப்பது கஷ்டமில்லை. பிரான்சில் குழந்தை பிறந்தால் மூன்று நாளுக்குள் நகராட்சியில் சொல்லியாக வேண்டும். தவறினால் நீதிமன்றம். தகப்பன் எங்கோ தூரத்தில் பாதை போடப் போயிருப்பார். தாய் மொழி தெரியாமல் ஒரு டிசம்பர் குளிரில் தனியாகப் பெற்றெடுத்திருப்பாள். அவர் வந்து சேர்ந்தபோது நாள் கடந்திருக்கும். வெளிநாட்டுக்காரன் நீதிபதி முன்னால் போய் என்ன சொல்வான்? வீட்டில் ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது. பெயரும் பொருந்தியது. செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அவர்கள் ஊர் வழக்கம். தாளை மாற்ற வேண்டியிருக்கவில்லை. குழந்தையை மட்டும் மாற்றினால் போதும்.

சாமியார் குடையைக் கண்டுபிடித்துவிட்டார். "கிடைச்சுதா?" என்றார்.

"ரெண்டு பேரும் கிடைச்சாங்க, சாமி" என்றேன். அவர் நல்லது என்று சொல்லி விளக்கை அணைத்தார்.

அருள் சொன்னது

சொல்வதா, வேண்டாமா? அந்த வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்பு. ஊர் கிடைத்துவிட்டது என்ற தாளும், அங்கே போய் நீட்ட உங்களுக்குத் தாள் இல்லை என்ற தாளும் ஒரே உறையில் இருந்தன. ஒன்றை மட்டும் கொடுத்து மற்றதைக் கிழித்துப் போடலாம். அவர் நிம்மதியாக ஊருக்குப் போவார்.

அருளிடம் பேசினேன். ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துப் பக்கம் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்காரர். அருள் அவருடைய பெயர் இல்லை. அவர் வந்த கடவுச்சீட்டின் பெயர். அந்தச் சீட்டுக்குச் சொந்தக்காரன் ஊரில் அவரோடு படித்தவன். இவர் பாரிசுக்கு வந்து சேர்ந்த சில மாதத்தில் அவன் இறந்துபோன செய்தி வந்தது. அதற்குள் இங்கே எல்லாத் தாள்களிலும் அந்தப் பெயர் ஏறிவிட்டது.

அவர் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுத் தேநீரை ஊதினார்.

"பாருங்கோ அண்ணை, மதாம் உயிரோடை இருக்கிறா, பேப்பரிலை செத்திட்டா. என்ரை அருள் செத்திட்டான், பேப்பரிலை உயிரோடை இருக்கிறான். நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் வரும்."

"சிரிக்காதீங்க அருள். சொல்லலாமா, கூடாதா?"

அவர் சிரிப்பு நின்றது.

"விசா குடுக்கிற பிரெஃபெக்சரிலை அவன்ரை பேரைக் கூப்பிடேக்கை, எனக்கு முன்னாலை இருந்து ஒருத்தர் எழும்பிற மாதிரி இருக்கும் அண்ணை. உண்மையா. நான் ஒரு கணம் பொறுத்துத்தான் எழும்புவன். அவனை முதல்லை போக விடுவன்."

அவர் தேநீரை ஒரு மிடறு குடித்தார்.

"சொல்லுங்கோ" என்றார் அருள். "நான் ஆரின்ரை இடத்திலை நிக்கிறன் எண்டு எனக்குத் தெரியும். அவனுக்காண்டி மெழுகுதிரியாவது கொளுத்துறன். அவாவுக்கு அதுகூடத் தெரியாதே."

வாசலறை

அக்டோபர் கடைசி நாட்கள். வேண்டுமென்றே அந்தப் பிறந்தநாளைக் கடக்கவிட்டு மறுநாள் போனேன். தட்டினேன். காத்திருந்தேன். உள்ளே நாற்காலி அசையும் சத்தம் கேட்டது, ஆனால் யாரும் வரவில்லை. இரண்டாம் முறை தட்டினேன். திறந்தார்.

முதலில் தகப்பனின் தாளைக் கொடுத்தேன். ஊர்ப் பெயரை அவர் வாய்விட்டுப் படித்தார். மறுபடியும் படித்தார். எழுந்து அடுப்பிலிருந்த காப்பியை இறக்கிவைத்துவிட்டு வந்து இன்னொரு தடவை படித்தார்.

பிறகு இரண்டாம் தாளையும், கோவில் புத்தகத்திலிருந்து நான் எழுதி வந்த இரண்டு வரிகளையும் வைத்தேன். நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று சொன்னேன்.

அவர் அழவில்லை. தன் பெயரை விரலால் மறைத்தார், எடுத்தார், மறைத்தார். மேம்பாலத்தில் மெத்ரோ போனது, அலமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன.

"பள்ளிக்கூடத்துல நான்தான் ரொம்பக் குள்ளம்" என்றார் கடைசியில். "மத்தப் பிள்ளைங்களுக்குப் பல் விழும், எனக்கு விழாது. எழுத்து ஏறாது. எலும்பு வளரலைன்னு மடத்துல மீன் எண்ணெய் கொடுத்தாங்க. அம்மாடி, எவ்வளவு மீன் எண்ணெய்!" திடீரென்று சிரித்தார். "எனக்கு ஒரு குறையும் இல்ல மொசியே. நான் சின்னப் பிள்ளையா இருந்திருக்கேன், அவ்வளவுதான்."

சிரிப்பு அப்படியே முகத்தில் தங்கிவிட்டது. கண்கள் முற்றத்து ஜன்னலுக்குப் போயின. சாமந்தி முழுதாகப் பூத்திருந்தது.

"அன்னிக்கு எனக்குப் பிறந்தநாள் இல்ல" என்றார் மெதுவாக. "அவளுக்கு. நீங்க சரியான பூவைத்தான் கொண்டு வந்தீங்க."

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"ஊருக்குப் போவீங்களா?" என்று கேட்டேன்.

இரண்டு தாள்களையும் சேர்த்து மடித்துப் பிறப்புத் தாள் இருந்த பெட்டிக்குள் வைத்தார்.

"போவேன். டிக்கெட் அவ பேர்லதான் எடுக்கணும், எடுக்கறேன். அறுபதும் அவளுக்குத்தான். நான் இன்னும் மூணு வருஷம் வாசல் கழுவியிருக்கணும், அதை அக்கா கழிச்சுவிட்டா." பெட்டியை மூடினார். "கதவைத் தட்டி, நாங்க அவர் மகள்னு சொல்றேன். திறக்கிறவங்க திறக்கட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவ எங்க இருக்கா?"

பந்தேன்

சகல ஆத்துமாக்கள் திருநாள் அன்று காலையில் அந்தக் காலத்தில் எங்கள் பகுதி ஏழைகளைப் புதைத்த பந்தேன் கல்லறைத் தோட்டத்துக்குப் பேருந்தில் போனோம். ஜன்னல் திண்டில் இருந்த தொட்டியை அவர் மடியில் வைத்திருந்தார். எதிரில் உட்கார்ந்திருந்த எல்லோர் மடியிலும் சாமந்தி. எங்கள் ஊரென்றால் ஒரு பேருந்து நிறையக் கல்யாண வீட்டுக்காரர்கள் போகிறார்கள் என்று நினைத்திருப்பேன்.

வாயிலில் இருந்த காவலர் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்தக் காலத்து ஏழைக் குழந்தைகளின் பொது நிலம் எப்போதோ வேறு அடக்கங்களுக்குப் போய்விட்டது. பெயரோ கல்லோ இல்லை. அநேகமாக அந்தச் சுவரோரம், மரங்களுக்கு அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார்.

பனி இன்னும் கலையவில்லை. சுவரோரத்தில் புல்லும் நனைந்த இலைகளும் தவிர ஒன்றுமில்லை. தொலைவில் மற்றவர்களின் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் மரங்களைத் தாண்டியதும் அது நின்றதுபோல் இருந்தது. அவர் ஓர் இடத்தைத் தேர்ந்து தொட்டியை வைத்தார். ஏன் அந்த இடம் என்று நான் கேட்கவில்லை. நான் கொண்டுபோயிருந்த மெழுகுதிரியை ஏற்றி, எங்கள் ஊர் வழக்கப்படி மண்ணில் ஊன்றினேன். சுடர் ஆடாமல் நின்றது.

"கூப்பிடுங்க" என்றார்.

"யாரை?"

"அம்மா கூப்பிட்ட மாதிரி. என்னை நானே கூப்பிட முடியாது."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டேன்.

"ஒலிந்தா."

அவர் விரலை உதட்டில் வைத்துக்கொண்டார். தலையைச் சற்றுச் சாய்த்து, சுவர்ப்பக்கம் காதைக் கொடுத்து நின்றார். நானும் நின்றேன். இலையிலிருந்து தண்ணீர் சொட்டும் ஓசை. அதுவும் நின்றது. அவ்வளவு நேரம் ஆடாமல் இருந்த சுடர் ஒரு பக்கமாகப் படுத்து, மெல்ல நிமிர்ந்தது. அவர் யாருக்கோ சம்மதம் சொல்வதுபோல் தலையசைத்தார். பிறகு என்னைப் பார்த்து, ம், என்று கண்ணால் சொன்னார்.

"ஒலிந்தா" என்று இரண்டாம் முறை கூப்பிட்டேன்.

"இருக்கேன்" என்றார்.